ஹால்மார்க் – மாற்று முத்திரை

ஹால்மார்க் என்றதும் ‘நல்ல தங்கம்’ என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் இந்தச் சொல் வந்தது ஒரு கட்டடத்திலிருந்து. லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மன்றம், கோல்ட்ஸ்மித்ஸ் ஹால். சிறுத்தைத் தலை முத்திரையை முதலாம் எட்வர்ட் 1300-லேயே சட்டமாக்கிவிட்டார், ஆனால் 1478-இல் மாற்று, அதாவது பொன்னின் தூய்மை, பார்ப்பவரை அந்த மன்றத்திலேயே அமர்த்தி, பொருட்களை அங்கே கொண்டுவந்து முத்திரை வாங்க வேண்டும் என்று ஆன பிறகுதான் ஹாலில் குத்திய மார்க் ஹால்மார்க் ஆனது.

தமிழில் ‘தர முத்திரை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ‘மாற்று முத்திரை’தான் பொருத்தம். தரம் என்றால் வேலைப்பாடும் அதில் சேர்ந்துவிடும், இந்த முத்திரையோ பொன்னின் மாற்றுக்கு மட்டும்தான் பொறுப்பேற்கிறது. ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று இன்றும் சொல்கிறோமே, அதே மாற்று.

சரி, பழைய பிரிட்டிஷ் நகையில் காலத்தை எப்படிப் படிப்பது? ஆண்டைச் சொல்வது ஓர் எழுத்து, ஆண்டுக்கு ஒன்றாக மாறும். ஆனால் எழுத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், முதலில் முத்திரை குத்திய ஊரைப் பாருங்கள்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கோட்டை எடின்பரோ. சிறிய ‘ஏ’ லண்டனில் 1896-இல் தொடங்கிய ஆண்டைக் குறிக்கும், பர்மிங்காமில் அதே எழுத்து 1900. லண்டன் 1974 வரை 20 எழுத்துகளையே சுழற்றியதால் ஒரே எழுத்து 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்தது, அப்போது எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

எழுத்து தேய்ந்துபோயிருந்தால் மாற்று எண் கைகொடுக்கும், என்னைக் கேட்டால் இதுதான் மிக நம்பகமான குறிப்பு. 9, 12, 15 கேரட் மூன்றும் 1854-இல் வந்தவை. இவற்றில் 12-ம் 15-ம் 1932-இல் எடுக்கப்பட்டு 14 வந்தது. ஆக, மோதிரத்தில் 15-ம் .625-ம் (24-இல் 15 பங்கு பொன்) இருந்தால் அது அந்த 78 ஆண்டுகளுக்குள் முத்திரை பெற்றது, வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இதைச் சொல்லிவிடலாம். கிரீடத்துடன் 18 இருந்தால் 1798-க்கு முன் போகாது. அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் வரி கட்டியதன் அடையாளம், 1784-க்கும் 1890-க்கும் இடையே.

அப்புறம், முத்திரையே இல்லாவிட்டால் போலி என்று விட்டுவிட வேண்டாம். அந்தக் காலத்தில் சிறு நகைகள் பலவற்றுக்கு விலக்கு இருந்தது. அங்கே உரைகல்லைத்தான் நம்ப வேண்டும்.