காபிக்கொட்டையைக் குறை சொல்லும் முன் தண்ணீரைப் பாருங்கள்

காபிக்கொட்டை வறுத்து விற்பதும், வீட்டில் போர்-ஓவர், அதாவது பேப்பர் வடிகட்டியில் தூளின் மேல் வெந்நீர் ஊற்றி வடிக்கும் கருங்காபி, போடக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்து வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்ல கொட்டைன்னு சொன்னீங்க, சப்புன்னு இருக்கே!" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

போர்-ஓவர் காபியில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். பாலும் சர்க்கரையும் சேரும் டிகாக்‌ஷன் காபியில் தண்ணீரின் குறை அவ்வளவாகத் தெரியாது. போர்-ஓவரில் அப்பட்டமாகத் தெரியும். தாண்டிக்குடியிலிருந்தோ சிக்கமகளூரிலிருந்தோ அருமையான அராபிகா வாங்கி வந்தாலும், நம் கடற்கரை போர்வெல் தண்ணீரை ஊற்றினால் எல்லாம் வீண்.

நம் ஊரில் குழாயில் காவிரி கூட்டுக் குடிநீர் வருகிறது. அது வராத நாளில் வண்டித் தண்ணீர், இல்லையென்றால் கேன். போர்வெல்லில் உப்பு, கூடவே சுண்ணாம்புச் சத்து. காபியின் இனிய புளிப்பை அடக்கிவிடுவது அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து வரும் பைகார்பனேட் என்ற காரப்பொருள். காய்ச்சினால் கெட்டில் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படியும். உப்பு எங்கேயும் போகாது. கேன் தண்ணீருக்கு நேர்மாறான கோளாறு. ஆர்.ஓ. செய்து தாதுக்களை ஏறக்குறைய எடுத்துவிடுவதால் காபி மெலிந்து, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பு, தாதுக்களின் மொத்த அளவு) எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று மெஷின் விற்பவர்கள் சொல்வதைக் காபி விஷயத்தில் நம்பாதீர்கள்.

ஸ்பெஷாலிட்டி காபிச் சங்கத்தின் பழைய தண்ணீர் அளவுகோல் லிட்டருக்கு 150 மில்லிகிராம் டி.டி.எஸ்.; 75 முதல் 250 வரை இருக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரமோ 500 வரை ஏற்கிறது. அதனால் குடிக்கத் தகுந்த தண்ணீரெல்லாம் காபிக்குத் தகுந்தது ஆகிவிடாது.

சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும். விலை உயர்ந்த கெட்டிலுக்கு முன் அதை வாங்குங்கள். கேன் தண்ணீர் 30, காவிரிக் குழாய்த் தண்ணீர் 300 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பங்கு கேன், ஒரு பங்கு குழாய் என்று கலந்தால் 120. போதும். ஆனால் மீட்டருக்குச் சுண்ணாம்பும் உப்பும் ஒன்றுதான், பிரித்துக் காட்டாது. நாக்கில் வைத்துப் பார்த்து உவர்ப்பு தெரிந்தால் கலக்கவே வேண்டாம். சில ஊர்த் தொட்டிகளில் காவிரியோடு போர்வெல் தண்ணீரும் சேரும். அதனால் அவ்வப்போது அளந்து பாருங்கள்.

சரி, இனி காபி போடலாம். சிக்கரி கலந்த ஃபில்டர் காபித்தூள் வேண்டாம், பேப்பரை அடைத்துக்கொள்ளும். 15 கிராம் கொட்டையை ரவை பதத்துக்கு அரையுங்கள். டிரிப்பரில் (கப்பின் மேல் வைக்கும் கூம்பு வடிகட்டி) பேப்பரை வைத்து வெந்நீர் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டு, தூளைப் போட்டுச் சமன்படுத்துங்கள். தண்ணீர் கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆனதும் முதலில் 45 கிராம். தூள் பொங்கி வாயு வெளியேற 40 விநாடி விடுங்கள். பிறகு வட்டமாக ஊற்றி மொத்தம் 140 கிராம், அப்புறம் மொத்தம் 240. தராசு மேல் வைத்தே ஊற்றுங்கள். மொத்தம் மூன்று நிமிடத்தில் வடிந்துவிட வேண்டும். கசந்தால் அடுத்த முறை கொஞ்சம் பருமனாக, புளித்தால் நைசாக அரையுங்கள். வளைந்த மூக்குக் கெட்டில் இல்லாவிட்டால் சின்ன மூக்குள்ள ஜக் போதும்.

முதல் கப்பை வீட்டுப் பெரியவர்களிடம் நீட்டினால் "இது என்ன, கழுவுன தண்ணி மாதிரி?" என்பார்கள். கருப்பட்டி போட்டுத் தரச் சொல்வார்கள். போட்டுக் கொடுங்கள், தப்பில்லை. என்ன, கருப்பட்டியின் மணம்தான் முன்னால் நிற்கும், கொட்டையின் மணம் அடங்கிவிடும். அந்தக் கப்புக்கு விலை உயர்ந்த கொட்டையைச் செலவழிக்காதீர்கள்.

நம் கடற்காற்றின் ஈரத்தை வறுத்த கொட்டை சீக்கிரம் உறிஞ்சும். ஒருவருக்கு 250 கிராம் இரண்டு வாரத்துக்குத் தாராளம். அதற்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். தினமும் எடுக்கும் டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஈரம் கோக்கும். அரைத்து முடித்ததும் கை அரைவை இயந்திரத்தைப் பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், தண்ணீரில் கழுவ வேண்டாம்.