நெட் வேகத்தைக் கூட்டும் முன் ஒரு வரைபடம் போடுங்கள்

சென்ற ஜூன் மாதத்தில், மாம்பழ வரத்து உச்சத்தில் இருந்த ஒரு காலையில், காவேரிப்பட்டினத்துக்கு அருகிலுள்ள மாங்கூழ் ஆலை ஒன்றிலிருந்து, அலுவலகங்களுக்குக் கணினி வலையமைப்பு போட்டுத் தரும் தொழிலில் இருக்கும் எனக்கு அழைப்பு வந்தது. பழ வண்டிகள் வாசலில் வரிசையாக நின்றன; எடை மேடைக் கணினியில் பதிவான எடைச் சீட்டுகள் அலுவலகத்துக் கணக்கு மென்பொருளுக்கு வந்து சேரவில்லை. நெட் பற்றவில்லை என்று எண்ணி விநாடிக்கு 50 மெகாபிட் வேகத் திட்டத்தை 300 மெகாபிட் ஆக உயர்த்தியதாகவும், விலை கூடிய ரவுட்டர் ஒன்றை வாங்கி மாட்டியதாகவும், அதன் பிறகும் டேலி என்ற அந்தக் கணக்கு மென்பொருள் திறக்க அதே நேரம்தான் ஆகிறது என்றும் உரிமையாளர் வருத்தத்தோடு சொன்னார். ஓசூரில் ஓர் உதிரிபாகப் பட்டறை, தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடை, பர்கூரில் ஒரு கிரானைட் கிடங்கு என்று ஓராண்டுக்குள் இதே பேச்சைக் கேட்பது எனக்கு நான்காவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அலுவலகத்துக்குள் ஓடும் வலையமைப்பு வேறு, வெளியிலிருந்து வரும் இணையம் வேறு. கணக்குத் தரவு உங்கள் அறையில் இருக்கும் ஒரு கணினியில் இருக்கிறது. பணியாளர் அதைத் தன் மேசையிலிருந்து திறக்கும்போது அந்தத் தரவு சுவிட்ச் (கணினிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வழியாக அடுத்த அறைக்குப் போய்த் திரும்புகிறதே தவிர, ஊரை விட்டு வெளியே போவதில்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்துப் போவதற்குத் தாமதமாகிறது என்று தெருக்குழாயைப் பெரிதாக்குவதில் என்ன பயன்? ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள்: ரவுட்டரில் வெளியிலிருந்து வரும் இணைப்பை மட்டும் சில நிமிடம் கழற்றிவிட்டு, பக்கத்துக் கணினியில் உள்ள கோப்பு ஒன்றைத் திறவுங்கள். அப்போதும் அதே தாமதம் இருந்தால், இணையத்துக்கும் உங்கள் துன்பத்துக்கும் தொடர்பே இல்லை. மாதக் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால், நான் பார்த்த நான்கு இடங்களிலும் பணம் மிஞ்சியிருக்கும்.

அந்த ஆலையில் எடை மேடைக்கும் அலுவலகத்துக்கும் இடையே நான் நடந்து அளந்தபோது ஏறத்தாழ 130 மீட்டர் இருந்தது. செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அந்த எல்லையைத் தாண்டியதோடு, பாதி வழியில் கேபிளை வெட்டி, முறுக்கி, கருப்பு டேப் சுற்றியிருந்தார்கள். மின்சார ஒயரை இணைப்பதுபோல் வலையமைப்புக் கேபிளை இணைக்கக் கூடாது. அதில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் முறுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1000 மெகாபிட் வேகத்துக்கு 8 கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு 4 போதும். ஆகவே நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலும், பல நேரங்களில் இணைப்பு அறுவதில்லை. சுவிட்சில் விளக்கு எரிகிறது, வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. விளக்கு எரிகிறதே என்று நம்பி எல்லாரும் இணையச் சேவைக்காரரைத் திட்டுகிறார்கள்.

கேபிள் விலையில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, கேட் 6 என்று நல்ல செம்புக் கேபிளின் தரப் பெயரையே அதன் மேல் அச்சிடவும் செய்கிறார்கள். கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கேமராவை அதில் மாட்டினால், பகலில் ஒழுங்காக இருப்பது இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் தானாக அணைந்து மீண்டும் எழும். மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடுவதுதான் காரணம். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம் மாவட்டங்களில் ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு வரும் கோடை மழையை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தனித்தனி எர்த்திங் உள்ள இரண்டு கட்டடங்களுக்கு இடையே, திறந்தவெளியில், செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். அந்த ஆலையில் மே மாத மழையின்போதே சுவிட்சில் மூன்று போர்ட்டுகள் (கேபிள் செருகும் துளைகள்) கருகிவிட்டிருந்தன. கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, 100 மீட்டர் என்ற எல்லையும் அதற்குக் கிடையாது. வாங்கும்போது உள்ளே இரும்புக் கம்பியோ உலோகக் கவசமோ இல்லாத வகையாகக் கேளுங்கள். இதைக் கடைக்காரர் தாமாகச் சொல்வது அரிது.

புதிதாக வாங்கிய அந்த விலை கூடிய ரவுட்டர் உதவாததோடு, கூடுதல் குழப்பத்தையும் உண்டாக்கியிருந்தது. பழையதைக் கழற்றாமல் இரண்டையும் ஒரே சுவிட்சில் மாட்டியதால், இரண்டுமே கணினிகளுக்கு ஐபி முகவரி (வலையமைப்பில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) வழங்கிக்கொண்டிருந்தன. எந்தக் கணினி எதனிடம் வாங்கியது என்பதைப் பொறுத்து, காலையில் அச்சிட்ட பிரிண்டர் மாலையில் காணாமல் போனது. பெட்டி வாங்குவது திட்டமிடுதல் ஆகாது.

திட்டமிடுதல் என்று நான் சொல்வது பெரிய வித்தையும் இல்லை. ஒரு தாளில் கட்டடத்தை வரைந்து, எங்கெங்கே கணினி, பிரிண்டர், கேமரா, எடை மேடை என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே உள்ள தூரத்தை எழுதுங்கள். கணக்குத் தரவு எந்தக் கணினியில் இருக்கிறது, பருவக் காலத்தில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் அதைத் திறப்பார்கள், மூன்று ஆண்டுகளில் இன்னும் எத்தனை மேசைகள் வரும் என்பதையும் எழுதுங்கள். கொட்டேஷன் கேட்பது அதற்குப் பிறகுதான். இடத்தை வந்து பார்க்காமல், தொலைபேசியிலேயே விலை சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள். கணக்குத் தரவை வை-ஃபை வழியாகத் திறப்பதையும் விட்டுவிடுங்கள், எழுதும் நடுவில் தொடர்பு அறுந்தால் தரவே கெட்டுப்போகலாம். ரேக்கில் உள்ள சுவிட்சுக்கும் யூபிஎஸ் வேண்டும்.

கேமராக்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 4 மெகாபிக்சல் கேமரா ஒன்று, அமைப்பைப் பொறுத்து, பொதுவாக விநாடிக்கு 4 முதல் 8 மெகாபிட் வரை இரவும் பகலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்படிப் பதினாறு கேமராக்கள் ஒரே 100 மெகாபிட் இணைப்பில் ஏறினால் கணக்குக்கு இடம் எங்கே? அவற்றைத் தனியாகப் பிரித்து வையுங்கள். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் ஒரு கணினிக்குள் புகுந்ததும் அதே வலையமைப்பில் இருந்த மற்றவற்றுக்குத் தானாகவே தாவியது. வீட்டிலிருந்து கைப்பேசியில் கேமரா பார்ப்பதற்காக ரவுட்டரில் வெளியாருக்கு வாசல் திறந்துவைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வருகிற வியாபாரிகளுக்கு வை-ஃபை தருவதானால், அது கணக்குக் கணினியை எட்டாத தனி இணைப்பாக இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் வரைபடமும், எல்லாக் கருவிகளின் கடவுச்சொற்களும் உரிமையாளரிடம் எழுத்தில் வர வேண்டும். அவற்றைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. என் தொழிலில் இருப்பவர்கள் அதைத் தர மறுத்தால் கடைசித் தவணையை நிறுத்திவையுங்கள்.

அந்த ஆலையில் எடை மேடைக்கு ஃபைபர் போட்டு, பழைய ரவுட்டரைக் கழற்றி, மூன்றே நாளில் சீட்டுகள் ஒழுங்காக வரத் தொடங்கின. இணையத் திட்டத்தை மீண்டும் 50-க்கே இறக்கிவிட்டார்கள். வரைபடத்தை ரேக்கின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறோம். கிடங்குக்கு இன்னும் நான்கு கேமரா வேண்டும் என்று உரிமையாளர் இந்த வாரம் அழைத்தபோது, எந்த சுவிட்சில் எந்த போர்ட் காலியாக இருக்கிறது என்பதை அவரே அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னார்.