பூச்சி மருந்து கொடுத்த பிறகும் குழந்தை சொறிவது ஏன்?

பினாங்கில் பட்டர்வொர்த், ஜார்ஜ்டவுன் பக்கத்துப் பார்மசிகளில் பெற்றோர் அடிக்கடி கேட்பது: “போன வாரம்தான் பூச்சி மருந்து கொடுத்தோம். ராத்திரி மறுபடி பின்பக்கத்தைச் சொறிகிறான். மருந்து சரியில்லையா?” மருந்தில் குறை இல்லை. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

வழக்கமான பூச்சி மருந்துகளான அல்பெண்டசோலும் மெபெண்டசோலும் புழுவின் செல்லில் உள்ள டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதன்பின் புழுவால் சர்க்கரையை உறிஞ்ச முடியாது. பட்டினியில் அது சாகச் சில நாள் பிடிக்கும். மறுநாள் மலத்தில் புழு தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பைரண்டெல் (காம்பன்ட்ரின்) செய்வது வேறு: புழுவின் தசையை விறைக்கவைக்கும், பிடிப்பு விட்ட புழுவைக் குடலின் அசைவே வெளியே தள்ளிவிடும். இவை எதற்கும் எஸ்டேட் காலத்து விளக்கெண்ணெய் பேதி தேவையில்லை. சின்னக் குழந்தைக்கு அதனால் உடம்பு நீர் வற்றிப்போகும்.

இரவில் அரிப்பென்றால் பெரும்பாலும் கீரிப்பூச்சி. பிள்ளை தூங்கியதும் பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சில மணி நேரத்திலேயே அந்த முட்டை தொற்றக்கூடியதாகிவிடும். சொறியும்போது நக இடுக்கில் ஏறி, அங்கிருந்து வாய்க்கும் படுக்கைக்கும் போகும். துணியில் இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். சந்தேகமாக இருந்தால், காலையில் கழுவுவதற்கு முன் ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒற்றியெடுத்துக் கிளினிக்கில் காட்டுங்கள். மூன்று காலை தொடர்ந்து எடுத்தால் பெரும்பாலும் தப்பாது.

இந்த மருந்துகள் புழுவைக் கொல்லும், முட்டையை நம்பகமாகக் கொல்லாது. அதனால்தான் 2 வாரம் கழித்து இன்னொரு வேளை: மிச்ச முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் முட்டையிடும் பருவத்துக்கு வருமுன் அவற்றையும் பிடித்துவிடலாம். 2 வயதுக்கு மேல் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை, அதாவது 200 மி.கி. மாத்திரை என்றால் இரண்டு. அதற்குச் சின்னக் குழந்தைக்கு டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் தாங்களாக எடுக்கவே கூடாது, முக்கியமாக முதல் மூன்று மாதத்தில். மற்றபடி வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். அப்பா மட்டும் “எனக்கு ஒன்றுமில்லை” என்று விட்டுவிட்டால் அடுத்த மாதம் கதை முதலிலிருந்து தொடங்கும். அன்று காலையே பிள்ளையைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்துச் சுடுநீரில் துவைக்க வேண்டும்.

சாட்டைப்புழுவுக்கு ஒரே வேளை பெரும்பாலும் போதாது, மூன்று நாள் வேண்டும். நாடாப்புழுவுக்கு பிராசிகுவான்டெல் என்ற வேறு மருந்து.

இன்னொன்று, பெரியவர்களுக்கு. தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்து வளர்ந்தவர்கள் உடம்பில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு தொடங்கினால் அது உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். இதற்கு ஐவர்மெக்டின்தான் முதல் மருந்து, ஒரு வேளை அல்பெண்டசோல் போதாது. தாத்தா பாட்டிக்கு ஸ்டீராய்டு எழுதும்போது, “இவங்க தோட்டத்துல வளர்ந்தவங்க, பூச்சிக்குப் பரிசோதிக்கணுமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள்.