குழாய்க் காட்டுக்குள் நுழைந்த ஒலி

மட்ரிட் நகரில், ஹுவான் மார்ச் அறக்கட்டளையில் எவுசேபியோ செம்பெரே வடித்த சிற்பம் ஒன்று நிற்கிறது. 4 மீட்டர் அகல வட்ட மேடை, அதன்மேல் 2.9 செ.மீ. விட்டமுள்ள எஃகுக் குழாய்கள், 10 செ.மீ.க்கு ஒன்றாக, நாற்று நட்டதுபோல் வரிசை பிசகாமல் நிற்கின்றன. 1995-இல் ஸ்பெயின் இயற்பியலாளர்கள் அதற்குள் ஒலியைச் செலுத்தி மறுபக்கம் அளந்தார்கள். 1,670 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி நன்றாக மங்கியிருந்தது. காற்று தாராளமாக நுழையும் இடத்தில் ஒலிக்கு எப்படித் தடை வந்தது?

அந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 20 செ.மீ. இரண்டாம் வரிசையில் பட்டுத் திரும்பும் அலை, முதல் வரிசையில் பட்ட அலையைவிட 20 செ.மீ. கூடுதலாக நடக்கிறது. முகட்டோடு முகடு பொருந்துவதால் பின்னோக்கிய அலை வலுக்கிறது, முன்னோக்கியது மெலிகிறது.

இது மனக்கணக்கு. எவ்வளவு மங்கும், ஒரு குழாயைப் பிடுங்கினால் என்னவாகும் என்று கேட்டால் முழுக் கணக்கு வேண்டும். சிக்கல் இங்கேதான்: ஒரு குழாயின்மீது ஒலிபெருக்கியின் அலை மட்டுமா விழுகிறது? மற்ற எல்லாக் குழாய்களும் சிதறடித்த அலைகளும் விழுகின்றன. அந்தச் சிதறலோ இந்தக் குழாயையும் பொறுத்தது. எதிரொலிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கலாம். குழாய்கள் நெருக்கமாக இருந்தால் அந்தத் தொடர் ஒரு விடையில் அடங்காமலே போகலாம். எல்லாவற்றையும் தெரியாத எண்களாக வைத்து, ஒருங்கமைச் சமன்பாடுகளாக ஒரே மூச்சில் தீர்ப்பதே உறுதியான வழி.

காற்றையே கட்டம் போட்டு நிரப்பலாம். மேடையின் ஒரு தளத்தை மட்டும் 2 மி.மீ. இடைவெளியில் புள்ளியிட்டாலும் ஏறத்தாழ 31 லட்சம் புள்ளிகள். ஆனால் குழாய் சிதறடிக்கும் அலை சில எளிய வடிவங்களின் கூட்டு: எல்லாப் பக்கமும் சமமாக விரிவது ஒன்று, எதிரெதிராக இரு மடல் கொண்டது ஒன்று, நான்கு மடல் கொண்டது ஒன்று. மடல் வடிவங்கள் ஒவ்வொன்றும் இரண்டு விதமாகத் திரும்பி நிற்கலாம் என்பதால், அவற்றின் வலிமையைச் சொல்ல இவ்வளவு மெல்லிய குழாய்க்கு 5 எண்கள் போதும். 100 குழாய்களுக்கு 500 எண்கள்தான்!

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அடுத்தது. ஒரு குழாயின் மையத்திலிருந்து எழுதிய அலையை, பக்கத்துக் குழாயின் மையத்திலிருந்து பார்ப்பதாக மாற்றி எழுத, கிராஃப் என்ற கணிதவியலாளரின் கூட்டல் தேற்றம் உதவுகிறது. எல்லா அலைகளும் ஒரே மையத்துக்கு வந்துவிட்டால், எஃகுப் பரப்புக்குள் காற்று புகாது என்ற ஒரே நிபந்தனை சமன்பாடுகளைத் தந்துவிடுகிறது.

ஒலியை மறிக்கும் தடை குழாய்போல் வட்டமாக இல்லாவிட்டால், அதன் பரப்பை மட்டும் துண்டுகளாக்கும் எல்லை உறுப்பு முறை இருக்கிறது. அதில் ஒரு விசித்திரம். தடைக்குள் ஒலியே இல்லை. ஆனாலும் பரப்பில் ஒலியழுத்தம் சுழியாகும்படி உள்ளே காற்று நிறைந்திருந்தால் எந்த அதிர்வெண்களில் ஒத்ததிர்வு எழுமோ, அதே அதிர்வெண்களில் வெளிப்புறக் கணக்கு ஒரே விடையைத் தர மறுக்கும். 1971-இல் பர்ட்டன், மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தச் சமன்பாட்டோடு அதன் வகைக்கெழுவையும் ஒரு கலப்பெண்ணால் பெருக்கிச் சேர்த்தார்கள். இரண்டுக்கும் பொதுவான விடை ஒன்றே. அதுதான் மெய்யான ஒலி.