பலகையில் 'ஃபேமிலி கிளினிக்', உள்ளே இருப்பவர் யார்?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் கீழ்த்தளக் கடைகளின் வரிசையில், முடிதிருத்தகத்துக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே, 'ஃபேமிலி கிளினிக்' என்ற பலகையைப் பார்க்காதவர் சிங்கப்பூரில் இருக்க முடியாது. அந்தச் சொல் மருந்தகத்தின் பெயர், அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் சட்டப்படி 'குடும்ப மருத்துவர்' என்று பதிவு பெற்றவரா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை பலகையில் இல்லை. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறது.

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் அம்மாவின் தோழி. அறுபதைக் கடந்தவர், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உண்டு. ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போகச் சொல்லும் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்ததும் கைப்பேசியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, சிறப்பு மருத்துவர் அல்லாதவர் என்றால் படிப்பில் ஒரு படி குறைந்தவர்தானே? இன்னொன்று, இத்தனை மருந்தகங்களில் தமிழ் பேசுகிற மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டாவது கேள்விக்கு எந்தப் பதிவேடும் விடை சொல்லாது. முகப்புக்குத் தொலைபேசி செய்து கேட்பதுதான் வழி. முதல் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்தகத்துக்கு உரிமம் தருவது சுகாதார அமைச்சு. சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டம் 2020-இல் நிறைவேறியது. அதன்கீழ் வெளிநோயாளி மருத்துவச் சேவைக்கான உரிமம் 2023 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவருக்குப் பதிவு தருவதோ மருத்துவ மன்றம், மருத்துவப் பதிவுச் சட்டத்தின்கீழ். மருந்தகம் ஒழுங்காக நடக்கிறதா என்பது ஒரு கதவு, மருத்துவர் தகுதியோடு இருக்கிறாரா என்பது மறு கதவு. புகார் கொடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறான கதவைத் தட்டி அலைவதற்குக் காரணம் இந்தப் பிரிவினை தெரியாததுதான்.

மருத்துவ மன்றத்தில் பதிவு செய்யாமல் இங்கே யாரும் மருத்துவம் பார்க்க முடியாது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு, எந்தக் கல்லூரிகளின் பட்டம் செல்லும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 2020-இல் அந்தப் பட்டியலை 160 கல்லூரிகளிலிருந்து 103 ஆகக் குறைத்தார்கள். பிறகு சில கல்லூரிகள் சேர்க்கப்பட்டன. ஊரில் மருத்துவம் படிக்கப் பிள்ளையை அனுப்ப நினைக்கிற பெற்றோர் இந்தப் பட்டியலைப் பார்க்காமல் பணம் கட்டுவது பெரிய ஆபத்து. பட்டியலில் உள்ள கல்லூரியில் படித்துத் திரும்பினாலும் தொடக்கத்தில் நிபந்தனைப் பதிவுதான் கிடைக்கும். மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் சில காலம் வேலை செய்த பிறகே முழுப் பதிவு.

அந்தப் பொதுவான பதிவுக்கு மேலே இரண்டு தனிப் பதிவேடுகள் இருக்கின்றன. சிறப்பு மருத்துவர்களுக்கானது 1998 முதல் இருக்கிறது. குடும்ப மருத்துவர்களுக்கானது 2011-இல்தான் வந்தது. பொதுப் பதிவு மட்டும் உள்ள ஒருவர் பேட்டையில் மருந்தகம் நடத்தலாம், காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மருந்து தரலாம். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் தன்னைக் 'குடும்ப மருத்துவர்' என்று பட்டம் போட்டுச் சொல்லிக்கொள்ள அவருக்கு அனுமதி இல்லை. அந்தப் பெயர் இரண்டாவது பதிவேட்டில் இடம் பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. நாம் பேச்சு வழக்கில் எல்லாரையும் 'நம்ம குடும்ப டாக்டர்' என்று அழைத்துப் பழகிவிட்டதால் இந்த வேறுபாடு காதில் விழுவதே இல்லை.

பதிவேட்டில் எப்படி இடம் கிடைக்கிறது?

இங்கே முடிவு செய்வது குடும்ப மருத்துவர் அங்கீகார வாரியம். எம்பிபிஎஸ் முடித்து மேற்கொண்டு குடும்ப மருத்துவத்தில் பயின்று தேறியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு முக்கியமான தகுதிகள் உண்டு. ஒன்று குடும்ப மருத்துவப் பட்டயம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஜிடிஎஃப்எம் என்பார்கள். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய படிப்பு. வேலை பார்த்துக்கொண்டே இரண்டு ஆண்டுகள் பகுதிநேரமாகப் படிக்கலாம். பகல் முழுவதும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவிலும் வார இறுதியிலும் வகுப்புக்குப் போகிறவர்கள் இவர்கள். மற்றொன்று எம்மெட் எனப்படும் முதுநிலைப் பட்டம். இதன் முதல் தேர்வு 1993-இல் நடந்தது. இதற்கு மருத்துவமனைகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் (பாலிகிளினிக்) முழுநேரப் பயிற்சி பெறும் வழியும் இருக்கிறது, பட்டயம் முடித்தவர்கள் தொடர்ந்து படித்துத் தேர்வெழுதும் வழியும் இருக்கிறது. இதற்கும் மேலே போய், குடும்ப மருத்துவர் கல்லூரியின் எஃப்சிஎஃப்பிஎஸ் என்ற உயர் தகுதியைப் பெற்றவர்களும் உண்டு.

பதிவேடு தொடங்கிய புதிதில், பல ஆண்டுகள் பேட்டை மருந்தகம் நடத்திய அனுபவத்தை வைத்தும் மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டு மூன்று தலைமுறைகளுக்கு மருந்து கொடுத்தவரைப் போய்ப் பரீட்சை எழுது என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்த ஏற்பாடு நியாயமானதே என்பது என் எண்ணம். ஆகவே, பெயருக்குப் பின்னால் நீளமான எழுத்துகள் இல்லாத மூத்த மருத்துவர் ஒருவரும் பதிவு பெற்ற குடும்ப மருத்துவராக இருக்கலாம். சுவரில் மாட்டிய சான்றிதழ்களை எண்ணி முடிவு செய்யாமல் பதிவேட்டைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இந்தப் படிப்புகளுக்குப் பின்னால் இருக்கும் அமைப்புக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 1971 ஜூன் 30-இல் பொது மருத்துவர்கள் சிலர் சேர்ந்து தங்களுக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். மாணவர் விடுதியும் விளையாட்டுத் திடலும் உள்ள கல்லூரி அல்ல. தங்கள் தொழிலின் தரத்தைத் தாங்களே நிர்ணயித்துக்கொள்ளும் சங்கம். மருத்துவமனைச் சிறப்பு மருத்துவர்கள் மேலே, பேட்டை டாக்டர்கள் கீழே என்ற மனப்பான்மை அன்றைக்கு இருந்தது (இன்றைக்குப் போய்விட்டதா என்றால், அம்மாவின் தோழியின் முதல் கேள்வியைப் படியுங்கள்). 1993-இல் அந்தச் சங்கம் தன் பெயரைச் சிங்கப்பூர் குடும்ப மருத்துவர் கல்லூரி என்று மாற்றிக்கொண்டது. ஊட்ரம் வட்டாரத்தில், பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது.

அந்த முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான். இதய மருத்துவர் இதயத்தைப் பார்ப்பார், சிறுநீரக மருத்துவர் சிறுநீரகத்தைப் பார்ப்பார். சர்க்கரை, கொதிப்பு, முழங்கால் வலி, தூக்கமின்மை, கணவர் இறந்த துக்கம் என்று ஐந்தையும் ஒரே உடம்பில் சுமந்து வருகிறவரை முழுதாகப் பார்ப்பதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது. ஒரு மருந்து இன்னொரு மருந்தோடு சண்டை போடுகிறதா, எந்த வலியை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், எதற்கு உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிவது அதில் ஒரு பகுதி. அது குறைந்த படிப்பு அல்ல, வேறு படிப்பு.

ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் போதுமா?

அமெரிக்காவில் குடும்ப மருத்துவ வாரியம் 1969-இல் தொடங்கியபோதே சான்றிதழைக் காலக்கெடுவோடுதான் கொடுத்தது. மருத்துவர்கள் மறுபடி தகுதியை நிரூபிக்க வேண்டும். சிங்கப்பூர் வேறு வழியில் போகிறது. இங்கே எல்லா மருத்துவர்களுக்கும் தொழில் நடத்தும் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் தொடர் மருத்துவக் கல்விக்கு 50 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். 2003 முதல் இது கட்டாயம். கருத்தரங்குக்குப் போனால் புள்ளி, இணையவழிப் பாடம் முடித்தால் புள்ளி. அதில் ஒரு பங்கு தன் துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. குடும்ப மருத்துவர் தோல் அழகு சிகிச்சை வகுப்புகளுக்கு மட்டும் போய்க் கணக்கை நிரப்பிவிட முடியாது. புள்ளி குறைந்தால் புதுப்பிப்பு சிக்கலாகும், சான்றிதழ் இல்லாமல் ஒரு நாள்கூட நோயாளியைப் பார்க்கக் கூடாது.

புள்ளிகள் ஒருவரை நல்ல மருத்துவராக்கிவிடுமா? அரங்கின் பின்வரிசையில் தூங்குகிறவருக்கும் புள்ளி கிடைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஒன்றுமே கேட்காமல் இருபது ஆண்டு பழைய அறிவோடு மருந்து எழுதுவதைவிட இது மேல்.

நடத்தைக்கு வேறொரு தொகுப்பு இருக்கிறது. மருத்துவ மன்றத்தின் நெறிமுறைத் தொகுப்பு, 2016-இல் திருத்தி 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது, சிகிச்சையைப் புரியும்படி விளக்கிச் சம்மதம் பெறுவது, குறிப்புகளைத் தெளிவாக எழுதி வைப்பது, விளம்பரத்தில் அளவு மீறாமல் இருப்பது எல்லாம் அதில் அடக்கம். அதிலுள்ள ஒரு விதியை நம்மவர்கள் பலர் விரும்புவதில்லை: எம்சி என்னும் மருத்துவ விடுப்புச் சான்றை மருத்துவக் காரணத்துக்காக மட்டுமே கொடுக்கலாம். தீபாவளிக்கு மறுநாள் விடுப்பு வேண்டும் என்று கேட்டால் மறுக்கிற மருத்துவர் கடுமையானவர் அல்லர், விதிப்படி நடப்பவர். 2024-இல் அமைச்சு இதை மேலும் இறுக்கியது. எம்சியில் அதைக் கொடுத்த மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதே ஆண்டின் இறுதியில், ஒரு நிமிடம்கூட நீடிக்காத காணொளி ஆலோசனைகளை ஏராளமாக நடத்திய ஒரு மருந்தகத்தின் உரிமத்தை அமைச்சு ரத்து செய்தது.

தூக்க மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் இன்னொரு பகுதி. இவற்றைக் கணக்கில்லாமல் கொடுத்ததற்காகப் பேட்டை மருத்துவர்கள் பலர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகியிருக்கிறார்கள். எனவே இரண்டு வாரத்துக்கு மேல் தூக்க மாத்திரை கேட்கும்போது மருத்துவர் தயங்கினால் கோபப்படாதீர்கள்.

சரிபார்ப்பதும் புகார் கொடுப்பதும்

மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் மருத்துவர் தேடல் பக்கம் ஒன்று இருக்கிறது. கட்டணம் இல்லை. மருத்துவரின் பெயரைத் தட்டச்சு செய்தால் படித்த பட்டங்கள், எந்த வகைப் பதிவு, தொழில் நடத்தும் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும், வேலை செய்யும் இடம், குடும்ப மருத்துவர் அல்லது சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் இருக்கிறாரா என்பவை வரும். தமிழ்ப் பெயர்களில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். தந்தை பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா, ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தா இரட்டை எழுத்தா என்று இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க நேரும். எம்சியில் இருக்கும் பதிவு எண் கையில் இருந்தால் ஆளைத் தவறாமல் அடையாளம் காணலாம்.

புகார் என்று வந்தால், கட்டணம் அதிகம், காத்திருக்க வைத்தார்கள் என்பவற்றை முதலில் மருந்தகத்திடமே எழுத்தில் சொல்வது நல்லது. மருத்துவரின் தொழில் நடத்தையைப் பற்றிய புகார்தான் மருத்துவ மன்றத்துக்கு. அதைச் சட்டபூர்வ உறுதிமொழியோடு எழுத்தில் தர வேண்டும். பொய்யாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கே ஆபத்து. 2022 ஜூலை முதல், வரும் புகாரை விசாரணைக் குழு ஒன்று முதலில் பார்த்து, அடிப்படையே இல்லாதவற்றை விலக்கிவிடுகிறது. கடுமையானவை ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயம் வரை போகும். அங்கே கண்டனம், 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டுகள் வரை இடைநீக்கம், பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கம் என்று தண்டனைகள் இருக்கின்றன. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வாங்கித் தருவது மன்றத்தின் வேலை அல்ல. அதற்குச் சமரசப் பேச்சோ உரிமையியல் வழக்கோதான் வழி. இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் இந்தப் பதிவேட்டுக்கு இப்போது புது எடை கொடுத்திருக்கிறது. 2023 ஜூலை 5-இல் தொடங்கிய அத்திட்டம், நாற்பதும் அதற்கு மேலும் வயதான குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரே மருந்தகத்தில் பதிந்துகொண்டு ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போக வேண்டும் என்கிறது. முதல் சுகாதாரத் திட்ட ஆலோசனை இலவசம். பரிந்துரைக்கப்பட்ட பல பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் குடிமக்களுக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. நாட்பட்ட நோய்ச் சிகிச்சைக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தும்போது 15 விழுக்காட்டைக் கையிலிருந்து ரொக்கமாகக் கட்டும் பழைய விதியும், பதிந்த மருந்தகத்தில் இல்லை. இத்தனையையும் ஒரு மருத்துவரை நம்பி ஒப்படைப்பதால், திட்டத்தில் இருக்கும் மருத்துவர்கள் நாளடைவில் குடும்ப மருத்துவர் பதிவேட்டுக்குள் வர வேண்டும் என்று அரசு விரும்புகிறது.

விடுதிகளில் தங்கி வேலை செய்யும் நம் ஊர்த் தம்பிகளுக்கு ஹெல்தியர் எஸ்ஜி கிடையாது. 2022 ஏப்ரல் முதல் முதலாளி கட்டும் அடிப்படை மருத்துவத் திட்டம் தனியாக இருக்கிறது. ஆனால் அவர்களைப் பார்க்கிற மருத்துவரும் இதே மன்றத்தில் பதிவு பெற்றவராகத்தான் இருக்க வேண்டும், இதே தேடல் பக்கத்தில் அவரையும் பார்க்கலாம்.

அம்மாவின் தோழியோடு நான் அன்று நான்கு பெயர்களைத் தேடினேன். இரண்டு பேர் குடும்ப மருத்துவர் பதிவேட்டில் இருந்தார்கள். ஒருவர் தமிழர், பேருந்தில் நாற்பது நிமிடம். இன்னொருவர் சீனர், அடுத்த புளோக். தோழி அடுத்த புளோக்கையே தேர்ந்தெடுத்தார். ஓராண்டாக அங்கேதான் போய்வருகிறார். அந்த மருத்துவர் 'வலிக்கிறதா', 'சாப்பிட்டீர்களா' என்று இரண்டு தமிழ்ச் சொற்கள் கற்றுக்கொண்டிருக்கிறாராம்.