பெட்டிக்குள் மூச்சுவிடும் நுரையீரல்

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து தானமாகக் கிடைக்கும் உறுப்புகளில் சீக்கிரம் கெட்டுப்போவது நுரையீரல். அடிபட்டபோது புரையேறி உள்ளே போனது, வென்டிலேட்டரில் கிடந்தபோது பிடித்த சளி, மூளை செயலிழக்கையில் கோத்துக்கொள்ளும் நீர் என்று எல்லாம் அதன் தலையில்தான் விடியும். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் தேறும் என்பது நெடுநாள் கணக்கு.

மீதி எல்லாமே நிஜமாகக் கெட்டவையா? அதைக் கண்டுபிடிக்கத்தான் வழியில்லாமல் இருந்தது. எடுத்த நுரையீரலை ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். குளிரில் செல்கள் அடங்கிக் கிடப்பதால் ஆறு முதல் எட்டு மணி நேரம் தாங்கும். ஆனால் அடங்கிக் கிடப்பதை எப்படிச் சோதிப்பது? சந்தேகம் வந்தால் டாக்டர் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் என்ற அறுவை மருத்துவர், உடலுக்கு வெளியே இயக்கிச் சோதித்த நுரையீரலை 2000இல் ஒருவருக்குப் பொருத்தினார். அதைப் பல மணி நேரம் இயக்கும் முறையாக வளர்த்தது கனடாவின் டொரண்டோ குழு. ஷாஃப் கேஷவ்ஜி, மார்செலோ சைபெல் ஆகியோர் 2008இல் நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

ஒளி ஊடுருவும் மூடிக்குள் நுரையீரல் இருக்கும். மூச்சுக்குழாயில் வென்டிலேட்டர், ரத்தக்குழாயில் பம்ப். உள்ளே ஓடுவது ரத்தம் இல்லை, ஆல்புமின் புரதம் கலந்த திரவம். உப்புப் போட்ட எலுமிச்சைத் துண்டுகள் நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல, திசுவில் கோத்திருக்கும் நீரை ஆல்புமின் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எதிலும் அவசரம் கூடாது. திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 37 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். இதயம் தள்ளும் அளவில் 40 சதவீதத்துக்கு மேல் பம்ப் தள்ளாது. நிமிடத்துக்கு ஏழு மூச்சுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த தந்திரம். இதய அறுவை சிகிச்சையில் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றுகிற கருவி இங்கேயும் உண்டு, ஆனால் வேலை தலைகீழ். நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் மிகுந்த வாயுவைச் செலுத்தி, திரவத்தில் இருக்கும் ஆக்சிஜனை அது பிடுங்கிவிடும். அப்படி வெறுமையாக உள்ளே போகும் திரவம், வெளியே வரும்போது ஆக்சிஜனோடு வந்தால் அது நுரையீரல் சேர்த்தது. அப்புறம் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, அளந்து பார்த்துவிடலாம். நான்கைந்து மணி நேரத்தில் எக்ஸ்ரே எடுப்பார்கள், குழாய் கேமராவை விட்டுப் பார்ப்பார்கள், சளியையும் உறிஞ்சி எடுப்பார்கள்.

2011இல் வெளியான டொரண்டோ ஆய்வில், 23 கொடையாளிகளிடமிருந்து எடுத்த, தேறுவது சந்தேகம் என்று கருதப்பட்ட நுரையீரல்களில் 20 பேருடையவை பொருத்தப்பட்டன. வழக்கமான நுரையீரல் பெற்றவர்களைவிட இவற்றைப் பெற்ற நோயாளிகளின் நிலை மோசமாக இல்லை.

சரி, இத்தனை மணி நேரம் கையில் இருக்கிறதே, வேறென்ன செய்யலாம்? 2022இல் அதே ஊரில் ரத்த வகையிலேயே கைவைத்தார்கள். குடல் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த என்சைம்களைத் திரவத்தில் கலந்ததும், ஏ வகை நுரையீரலின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருந்த அந்த வகைக்கான அடையாளச் சர்க்கரை நான்கு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கழன்றுவிட்டது. ஓ வகை நோயாளிக்கு ஓ வகை நுரையீரல்தான் சேரும் என்பதால் அவர்கள் காத்திருப்பது அதிகம்; அந்தச் சர்க்கரை போய்விட்டால் ஏ வகை நுரையீரலும் ஓ வகை போல ஆகிவிடும். அந்தச் சோதனையில் எடுத்துக்கொண்டவை பொருத்தத் தகுதியில்லாத நுரையீரல்கள்; அவற்றை யாருக்கும் வைக்கவில்லை.