நண்டின் மூன்று உயிரெழுத்துகள்

கானா நாட்டு இளைஞர்களுக்கு அக்கான் பழமொழிகளைக் கைப்பேசி வழியாகக் கற்பிக்கும் முயற்சிகளைப் பற்றி அறிந்த வாசகர் ஒருவர், பழமொழியைத் தட்டச்சு செய்து அனுப்பினால் போதாதா, இதில் தொழில்நுட்பம் எங்கே வருகிறது என்று கேட்டிருந்தார். தட்டச்சு செய்வதிலேயே வந்துவிடுகிறது.

2021 கணக்கெடுப்பின்படி கானாவின் மக்களில் 45.7 சதவீதத்தினர் அக்கான் இனத்தவர். பழமொழிகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறித்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்த யோகான் கிறிஸ்டாலர் 1879-இலேயே ஏறத்தாழ 3,600 பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டுவிட்டார். ஆனால் அக்கான் மொழியை எழுத, வழக்கமான ரோமன் எழுத்துகளுடன் இரண்டு உயிரெழுத்துகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. ஒன்று, 3 என்ற இலக்கத்தைத் திருப்பி வைத்தாற்போன்றது. அதன் ஒலி, வாயை அகலத் திறந்து சொல்லும் எகரம். மற்றது, சி என்ற ஆங்கில எழுத்தைத் திருப்பி வைத்தாற்போன்றது. அது அகன்ற ஒகரம்.

ஒரு குறுஞ்செய்தியில் அடங்குவது 140 பைட், அதாவது 1,120 பிட். எழுத்துக்கு 7 பிட் என்ற கணக்கில் 160 எழுத்துகள் கிடைக்கும். இந்த 7 பிட் முறைக்கான அடிப்படை எழுத்து அட்டவணையில் ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் பல இருக்கின்றன, கிரேக்கப் பேரெழுத்துகள் சிலகூட இருக்கின்றன. ஆனால் அக்கானின் அந்த இரண்டு உயிர்களுக்கு இடமில்லை. அவற்றில் ஒன்று செய்தியில் எங்காவது வந்துவிட்டாலும் செய்தி முழுவதுமே எழுத்துக்கு 16 பிட் என்ற முறைக்கு மாறி, 160 என்பது 70 ஆகச் சுருங்கிவிடும். தமிழ்க் குறுஞ்செய்தி 70 எழுத்துகளில் முடிந்துபோவதற்கும் இதுவே காரணம். பழமொழியையும் அதன் விளக்கத்தையும் சேர்த்து 120 எழுத்துகளில் அனுப்பினால், சரியான எழுத்துக்கூட்டலுக்கு இரண்டு செய்திகளின் கட்டணம் ஆகும்.

கானா இளைஞர்களின் பதில் எளிமையானது: ஒன்றுக்கு 3 என்ற இலக்கம், மற்றதற்கு மூடும் அடைப்புக்குறி. இரண்டும் வடிவத்தில் ஒத்திருப்பதோடு எல்லா விசைப்பலகைகளிலும் இருக்கின்றன. யூனிகோடில் உரிய எழுத்துகளுக்கு இடம் கிடைத்து, கைப்பேசிகள் அவற்றைக் காட்டத் தொடங்கிய பின்னரும் இந்தப் பழக்கம் தொடர்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. 'நண்டு பறவையைப் பெறாது' என்ற பழமொழியைத் தேடும் மாணவி, நண்டைக் குறிக்கும் 'ஒகொதொ' என்ற சொல்லைத் தட்டுகிறாள். அதிலுள்ள மூன்று உயிர்களும் அகன்ற ஒகரமே. ஆகவே மூன்று அடைப்புக்குறிகள். தேடல் நிரல்கள் பொதுவாக நிறுத்தற்குறிகளை முதலில் களைந்துவிடும். அப்படிச் செய்தால் நண்டின் உயிர்கள் மூன்றும் போய், 'க்', 'த்' என்ற இரண்டு மெய்களே எஞ்சும். அவற்றைக் கொண்டு எதைத் தேடுவது? எனவே உயிரை மீட்டுவிட்டுத்தான் குறிகளைக் களைய வேண்டும். முன்னால் ஒரு திறக்கும் அடைப்புக்குறி இருக்கிறதா, 3-இன் அருகில் எழுத்து இருக்கிறதா, இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தால், இலக்கத்தையும் உயிரையும் பெரும்பாலும் பிரித்தறிந்துவிடலாம். அதன்பின் தேடும் சொல்லிலும் சேமித்த பழமொழிகளிலும் எகர வகைகள் அனைத்தையும் ஒன்றாகவும், ஒகர வகைகள் அனைத்தையும் ஒன்றாகவும் மடக்கி ஒப்பிட வேண்டும். மிஞ்சும் பிழைகளுக்கு, ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணும் லெவன்ஷ்டைன் தொலைவு உதவும். பறவையைக் குறிக்கும் 'அனொமா'வின் ஈற்றில் இரண்டு அகரங்களுக்குப் பதில் ஒன்றைத் தட்டினால் தொலைவு 1. நிரல் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

எழுத்து சரியானாலும் ஒலி மீதமிருக்கிறது. அக்கான் உயர்தொனி, தாழ்தொனி என்ற இரண்டைக் கொண்டு பொருளை வேறுபடுத்தும் மொழி. வழக்கமான எழுத்து முறையோ தொனியைக் குறிப்பதில்லை. ஆகவே ஒலிப்பதிவு இல்லாமல் பழமொழியைக் கற்பிப்பது அரைகுறை வேலையாகும். வினாடிக்கு 16 கிலோபிட் வீதம் சுருக்கினால் ஐந்து வினாடிப் பழமொழி 10 கிலோபைட்டில் அடங்கிவிடும் என்பதால், செலவைக் காரணம் காட்டவும் முடியாது.

படத்துடன் சேர்த்துக் கற்பிப்பதைப் புதுமை என்று விளம்பரப்படுத்துவதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. தங்கத்தூள் நிறுக்கும் பித்தளை எடைகளிலும், அரசவைப் பேச்சாளர்களின் கோல்முனைகளிலும் அக்கான் கைவினைஞர்கள் நெடுங்காலமாகப் பழமொழிகளை உருவங்களாகவே வடித்திருக்கிறார்கள். உணவு மேசை முன் அமர்ந்திருக்கும் இருவரின் உருவம், 'உணவு அதற்கு உரியவனுக்கே, பசித்தவனுக்கு அன்று' என்பதை அவையினருக்கு நினைவூட்டும்.

நிதி தருவோர் செயலிகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். 'பிள்ளை நத்தையை உடைக்கும், ஆமையை உடைக்காது' என்பதை எந்தச் சண்டையில், யாரிடம், எந்தக் குரலில் சொல்வார்கள் என்று அசாந்தே, அக்குவாப்பெம், ஃபான்டே என்ற அக்கான் வட்டார வழக்குகளைப் பேசும் முதியவர்களிடம் தனித்தனியே பதிவு செய்யும் வேலைக்கே முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. நிரலைப் பிறகும் எழுதிக்கொள்ளலாம்.